கோல்ஃப் மட்டைக்கு வைத்த பொட்டு

1

கோமதிநாயகம் அண்ணாச்சி, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

சந்தனமும் குங்குமமும் என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னீர்கள். என் மகள் அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சங்கரன்கோவிலில் பிறந்து, ரத வீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்து, ஊர்க் கோமதி அம்மன் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டிருக்கிற நீங்கள் சொன்னீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்ம ஊரிலிருந்து வருகிற இந்த இதழில் வெளிநாட்டில் இருக்கிற நம்மூர்க்காரர்கள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். குளிர் ஆரம்பித்துவிட்டது, முருங்கைக்கீரை கிடைக்கவில்லை, பிள்ளைகள் தமிழில் பேச மாட்டேன் என்கிறார்கள். நானும் அப்படி எழுதியவள்தான். போன தடவை விமான நிலையத்தில் கோவில் புற்றுமண் பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்களே, அதை எழுதியிருந்தேன். மண் எந்த ரூபத்திலும் இந்த நாட்டுக்குள் வரக் கூடாதாம். அது மண் இல்லை, பிரசாதம் என்று சொல்லிப் பார்த்தேன். அதிகாரி, தின்பதற்கா என்று கேட்டார். சில பேர் திங்கவும் செய்வார்கள் என்று உண்மையைச் சொன்னேன். இன்னும் இரண்டு படிவம் நிரப்பச் சொன்னார்கள். ஊரில் அதைப் படித்தவர்கள் நன்றாகச் சிரித்ததாகச் சொன்னார்கள்.

இந்தத் தடவை சிரிக்க ஒன்றும் இல்லை.

அண்ணாச்சியை ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெல்போர்னுக்கு வெளியே நாங்கள் இருக்கிற பகுதிக்கு எங்களுக்கு ரொம்ப காலம் முன்னாலேயே வந்தவர். நாங்கள் வந்து இறங்கியபோது வீடு பார்த்துக் கொடுத்தார். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூடவே வந்தார். அதை நான் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. பக்கத்தில் இருக்கிற கோல்ஃப் கிளப்பில் அவர் கமிட்டி மெம்பர். அங்கே அவர் பேர் கேரி. கோமதிநாயகம் எப்படிக் கேரி ஆனார் என்று நான் கேட்டதில்லை. அது அவர் பாடு.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நம்மூர்க்காரர்கள் சேர்ந்து கோமதி அம்மனுக்கு ஆடித்தபசுத் திருவிழா கொண்டாடினோம். அங்கே நடந்த ஒன்றால்தான் இத்தனை நாள் பொறுத்ததை இப்போது எழுதுகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மட்டை வாங்கின கதை.

2

என் மகள் பேர் கோமதி. வீட்டில் மதி. பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு விளையாட்டை எடுக்க வேண்டும் என்றார்கள், அவள் கோல்ஃபை எடுத்தாள். ஏன் என்று கேட்டால், அதில்தான் யாரும் மேலே வந்து மோத மாட்டார்கள் என்றாள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஊர் வாசுதேவநல்லூர். வயல் குடும்பம். கோல்ஃப் மைதானத்தை முதல்தடவை பார்த்த அன்றைக்கு வேலியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

“இம்புட்டுத் தண்ணியையும் பாய்ச்சி வெறும் புல்ல வளக்கானுவளே, ஒரு போகம் நெல்லு போட்டா என்னட்டி?” என்றார்.

“அவங்க பந்து எங்க போயி விழும்?”

“வரப்புல விழுந்துட்டுப் போகுது.”

ஆனால் மதி நன்றாக ஆடினாள். இது தாய் சொல்கிற சொல் இல்லை. ஜூனியர்களைப் பார்த்துக்கொள்ளும் டேவிட் என்பவரே எங்களிடம் வந்து சொன்னார். கிளப்புக்குச் சின்னப் பிள்ளைகள் அணி ஒன்று இருக்கிறது, அதற்குத் தேர்வு வரப்போகிறது, உங்கள் மகள் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் காரில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். தமிழில் பேசினாள். நான் கேட்காமலேயே பேசினாள். இங்கே பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.

அவளிடம் ஒரு மட்டை குறைந்தது. ஃபேர்வே வுட் என்று பேர். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். முதல் அடியை ஒரு குச்சியின் மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். அது போய்ப் புல்லில் விழும். குழி இன்னும் தூரத்தில் இருக்கும். அப்போது புல்லில் கிடக்கிற பந்தைத் தூரமாக அடிக்க இந்த மட்டை வேண்டும். பேர்தான் வுட், தலையைத் தொட்டுப் பார்த்தால் முழுக்க உலோகம். அந்தக் காலத்தில் கட்டையில் செய்தார்களாம், பேரை மட்டும் மாற்றவில்லை. கடையில் புதுசு விலையைப் பார்த்துவிட்டு நானும் அவளும் அப்படியே வெளியே வந்தோம். நான் ஆஸ்பத்திரி சலவையில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள். அதனால் பழசு பார்த்தோம்.

3

இணையத்தில் ஒரு விளம்பரம் இருந்தது. போனோம். மார்கரெட் என்று ஒரு வயசான அம்மா. காரேஜைத் திறந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரருடைய மட்டைகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றின் தலைக்கும் கம்பளியில் பின்னிய தொப்பி. பின்னியது அவள்தானாம்.

மதி ஃபேர்வே வுட்டை எடுத்துப் புல்வெளியில் வைத்து வீசிப் பார்த்தாள். ஒரு தடவை வீசினதுமே அவள் முகம் மாறியது. நான் என் அப்பாவோடு பழைய விசைத்தறி வாங்கப் போயிருக்கிறேன். பிடித்த சாமானைப் பார்த்தால் விற்கிறவன் முன்னால் முகத்தை இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று அப்பா சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போவார். இவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இதில் எங்கே விலை குறைக்க?

“உங்கள் கணவர் இப்போது ஆடுவதில்லையா?” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

“அவர் போன வருஷம் இறந்துவிட்டார்.”

வருத்தம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் நாகரிகம். ஆனால் ஊர்ப்பக்கத்து ஆள் யாராக இருந்தாலும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் அந்த மட்டையைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

“எப்படி இறந்தார்?”

“அம்மா!” என்றாள் மதி.

மார்கரெட் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தோஷமாகவே சொன்னாள். “மைதானத்தில்தான். ஏழாவது குழிக்குப் போகிற வழியில் இதயம் நின்றுவிட்டது. அவருக்குப் பிடித்ததைச் செய்துகொண்டே போனார்.”

நான் விடவில்லை. “அப்போது கையில் எந்த மட்டை இருந்தது?”

மதி என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மார்கரெட், “அதை நான் கேட்கவே இல்லையே” என்று சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கேட்டதைவிடக் குறைத்து அவளாகவே ஒரு விலை சொன்னாள். தொப்பியையும் சேர்த்துக் கொடுத்தாள். நல்ல மனுஷி.

காரில் மதி என்னைப் பிடித்துக்கொண்டாள். “யாராவது அப்படிக் கேப்பாங்களாம்மா? ஹவ் டிட் ஹி டை, விச் க்ளப்! போலீஸ் மாதிரி!”

“கேட்டா என்னட்டி? நாளைக்கு நீதான அதக் கையில பிடிக்கப் போற.”

“சோ?”

சோவாம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. மூடிப்போன கொட்டகையிலிருந்து தறி வாங்கிக்கொண்டு வந்தால் முதலில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். சந்தனம், குங்குமம் வைப்பார்கள். அதற்கப்புறம்தான் சுவிட்சைப் போடுவார்கள். யாரோ ஒருத்தர் கையில் இருந்தது, யார் கண் பட்டதோ, என்ன கஷ்டத்தில் விற்றார்களோ. அதெல்லாம் போக வேண்டும். பழைய பைக்குக்கும் அதுதான், பழைய தையல் மிஷினுக்கும் அதுதான். செய்யாமல் எடுத்தால் வீட்டில் பெரியவர்கள் திட்டுவார்கள். யாரும் விளக்கம் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததும் இல்லை.

வீட்டுக்காரரிடம் ஆள் இறந்த கதையைச் சொன்னேன்.

“ஏட்டி, சவத்த, வேற எடத்துல பாப்பமே.”

“அவ அதக் கட்டிப் பிடிச்சிட்டுக் கெடக்கா. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?”

“அப்ப பொட்டு வச்சிரு” என்றார்.

4

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் வைத்தேன். சந்தனக் கட்டையை இழைத்து, கெட்டியாகக் குழைத்து, பைக் என்றால் ஹெட்லைட்டில் வைப்போம் இல்லையா, முன்பக்கம் எதுவோ அங்கே, அதேபோல் மட்டைத் தலையின் முன்பக்கத்தில், பந்து படுகிற இடத்தில் வைத்தேன். மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம். சூடம் காட்டினேன். காய்ந்ததும் மார்கரெட்டின் கம்பளித் தொப்பியைப் போட்டுப் பையில் திரும்ப வைத்துவிட்டேன். மதி குளித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் கத்துவாள் என்று சொல்லவில்லை.

அந்த முன்பக்கத்தில் மெல்லிய வரிகள் வெட்டியிருக்கும். சந்தனமும் குங்குமமும் அதற்குள் இறங்கிக் காய்ந்துவிட்டன. எனக்கு அது தெரியாது. மட்டையின் அந்த இடத்தில் எதையும் பூசிக்கொண்டு ஆடக் கூடாது என்று விதி இருப்பதும் தெரியாது. பூசினால் பந்து சுற்றுவது மாறி நேராகப் போகுமாம். பந்து எங்கே படுகிறது என்று பார்க்கப் பயிற்சியின்போது ஒரு வெள்ளைப் பொடியை அடித்துக்கொள்வார்களாம், போட்டியில் அதுவும் கூடாதாம். இதெல்லாம் எனக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்? கமிட்டியில் இருக்கிற நம்மூர்க்காரர் யாராவது சொல்லியிருக்கலாம். போகட்டும், அதற்காக நான் கோபப்படவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். பெற்றோர்கள் பின்னாலேயே நடக்கலாம், பேசக் கூடாது. மதியோடு ஆடியது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் அப்பாதான் அவளுக்குப் பை தூக்கினார்.

இரண்டாவது குழிக்குப் போகும்போது மதி மட்டையின் தொப்பியைக் கழற்றினாள். அப்படியே நின்றாள். திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! துண்டால் அவசரமாகத் துடைத்தாள். மேலே இருந்தது போனது. வரிக்குள் இருந்தது போகவில்லை. அடித்தாள். பந்து எங்கேயோ போய் விழுந்தது, நல்ல அடி. அந்தப் பெண்ணின் அப்பாவே நல்ல அடி என்று சொன்னார். பந்துகிட்டே போய்ப் பார்த்தபோது அதில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். மட்டையைக் காட்டச் சொன்னார். பிறகு டேவிடுக்குப் போன் செய்தார்.

அண்ணாச்சி, அந்த மைதானத்தில் அன்றைக்கு ஆடின எல்லாப் பிள்ளைகளின் மட்டையிலும் சேறு ஒட்டியிருந்தது. மழைக்காலம். அதை யாரும் கேட்கவில்லை. அவர்கள் ஊர் மண் ஒட்டினால் குற்றமில்லை.

5

கிளப் கட்டிடத்தில் ஒரு அறை. சுவரில் கிளப்பின் பழைய தலைவர்களின் படங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் டேவிட், பக்கத்தில் அண்ணாச்சி. இந்தப் பக்கம் நானும் மதியும். மேஜை மேல் அந்த மட்டை. அண்ணாச்சி உள்ளே வந்ததும் எனக்கு உயிர் வந்தது. நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார், இனிமேல் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்.

டேவிட் நல்ல மனுஷன்தான். குரலை உயர்த்தவில்லை. இது என்ன என்று கேட்டார்.

“சேண்டல்” என்றேன்.

“செருப்பா?”

மதி தலையைக் குனிந்துகொண்டே, “சேண்டல்வுட். மரம். மரத்தை அரைத்துச் செய்கிற பேஸ்ட்” என்றாள்.

“யார் பூசியது?”

“நான்தான். அவளுக்குத் தெரியாது” என்றேன். இதை மூன்று தடவை சொன்னேன்.

“எதற்காகப் பூசினீர்கள்?”

இங்கேதான் நான் கெடுத்தேன். அப்பா தறிக்குப் பொட்டு வைத்தபோது யாராவது எதற்கு என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ அதையே சொன்னேன். “நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதற்காக.”

டேவிட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அதாவது, மட்டை இன்னும் நன்றாக அடிக்க வேண்டும் என்பதற்காகவா?”

“ஆமாம், ஆமாம். நல்ல அடி. விபத்து கூடாது.”

“அம்மா, ஸ்டாப்” என்றாள் மதி. ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

அவர்கள் விதியில், அடி மாற வேண்டும் என்ற எண்ணத்தோடு பூசினார்களா என்பதுதான் கேள்வியாம். நான் என் வாயாலேயே ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லியிருந்தால், அழுக்கு என்று சொல்லியிருந்தால், பிள்ளை தப்பித்திருப்பாள். சாமிகிட்டே நல்லா அடிக்க வேண்டும் என்று கேட்பதற்கும் பந்தைத் திருப்புவதற்குப் பசை தடவுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அறையில் அது தெரிந்த ஆள் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

நான் தமிழில் அவரிடம் சொன்னேன். “அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. பழசு வாங்குனா நம்ம ஊருல வைக்கதுதான? செத்தவரு மட்டை வேற. இந்த மனுசன்ட்ட வெவரமாச் சொல்லுங்க.”

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. டேவிடைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னார். “எனக்கு இது பழக்கமில்லை. எனக்கு இது என்னவென்று தெரியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கும்.”

அவ்வளவுதான். செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மதி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது இதுதான்: ஊரில் இருந்து வந்த இவருக்கே தெரியாது என்றால், நீதான் எதையோ பைத்தியக்காரத்தனமாகச் செய்திருக்கிறாய்.

தெரியாதா அண்ணாச்சி? நீங்கள் அந்தச் சாம்பல் கலர் காரைப் பழசாக வாங்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டில் மதினி ஊருக்குப் போயிருந்தார்கள். எனக்குப் போன் போட்டீர்கள். “தங்கச்சி, சந்தனம் கொஞ்சம் கொழச்சு எடுத்துட்டு வாயேன். எவன் ஓட்டுன வண்டியோ. எங்கன போனாலும் நம்ம வழக்கத்த மட்டும் விட்டுறக் கூடாது பாத்துக்கோ” என்றீர்கள். கொண்டுவந்தேன். கார் முகப்பில் மூன்று விரலால் இழுத்தது நீங்கள். குழைத்தது இந்தக் கை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றினீர்கள். அந்தக் காரில்தான் தேர்வு நாளன்றும் கிளப்புக்கு வந்து இறங்கினீர்கள்.

மதி ஆடியது கணக்கில் வராது என்று அறிவித்தார்கள். அணியில் அவள் பேர் இல்லை. பெற்றோர்கள் குரூப்பில், மட்டைகளில் அந்நியப் பொருள் பூசக் கூடாது என்று பொதுவாக ஒரு நினைவூட்டல் வந்தது. பேர் போடவில்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை. கிளப் பிள்ளைகள் அவளுக்குப் பேஸ்ட் என்று பட்டப்பேர் வைத்தார்கள்.

எங்கள் வீட்டுக்காரர் உங்களுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நானும் கேட்டேன். “தம்பி, இதெல்லாம் ஒரு விசயமா? ஒரு வாரத்துல எல்லாரும் மறந்துருவான். பெருசாக்காதீங்க” என்றீர்கள்.

அவர் போனை வைத்துவிட்டு, “விடுட்டி. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவரு மூஞ்சிலதான முழிக்கணும்” என்றார்.

விட்டேன். நான் விட்டதை மதி விடவில்லை. கோல்ஃபை நிறுத்திவிட்டாள். அவள் பையை நான் தொட்டால், “ப்ளீஸ் டோன்ட்” என்கிறாள். சாப்பாட்டு டப்பாவைக்கூட அவளே கழுவி அவளே கட்டிக்கொள்கிறாள். அவள் சாமானில் நான் எதையாவது வைத்துவிடுவேன் என்று பயம். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பதில் வருகிறது, பிறகு கதவு சாத்திக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுக் குங்குமச் சிமிழோடு அவள் அறைக்குப் போனால், நெற்றியைக் கையால் மூடிக்கொள்கிறாள். அடிக்கப்போகிறவளைப் பார்த்து மூடுகிற மாதிரி.

6

போன ஞாயிறு ஆடித்தபசு. பள்ளிக்கூட ஹால் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். மதியை வர வைக்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். பரிமாற ஆள் இல்லை, வந்து இலை மட்டும் போடு என்று அவள் அப்பா கெஞ்சியதால் வந்தாள்.

அண்ணாச்சிதான் தலைமை. பட்டு வேட்டி. நெற்றி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம். மைக்கைப் பிடித்து, தபசு இருந்து அம்மன் கேட்டது என்ன என்று ஆரம்பித்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். நம் அடையாளத்தை எந்த இடத்திலும், எவன் முன்னாலும் மறைக்கக் கூடாது என்றார். நம் வழக்கத்துக்கு அர்த்தம் கேட்டால் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன், கை அது பாட்டுக்குப் போனது.

பேசி முடித்துக் கீழே இறங்கி, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கெல்லாம் அவர் கையாலேயே பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். கடைசி வரிசையில் மதி இலைக்கட்டோடு நின்றிருந்தாள். இரண்டு கையிலும் இலை. மூடிக்கொள்ள முடியவில்லை. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே அவள் நெற்றியில் விரலை வைத்தார்.

“நல்லா இரு தாயி” என்றார்.

அவள் இலையை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். காருக்குள் உட்கார்ந்து, உள்ளே தொங்குகிற கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பாள் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. விரலால் கொஞ்சம் எடுத்து, முகர்ந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

“அம்மா, இது அதேதான?”

“அதேதான்.”

“அப்ப அவருக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சே சொல்லலையா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். விரலையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

“ஏம்மா அவர் சொல்லல?”

இத்தனை நாளுக்கு அப்புறம் அவள் என்னிடம் தமிழில் பேசியது அப்போதுதான். எனக்கும் அதே கேள்விதான். வெட்கமா? கேரி என்று கூப்பிடுகிறவர்கள் முன்னால் எங்களோடு ஒரே பக்கத்தில் உட்காரக் கூசியதா? அடுத்த வருஷம் கிளப் சுவரில் தலைவர்கள் வரிசையில் உங்கள் படமும் மாட்ட வேண்டியிருக்கிறதா? நானாக எதையாவது சொன்னால் அது என் ஊகம். அதனால் அவளிடம், “அவர்ட்டயே கேக்கேன்” என்று சொல்லிவிட்டேன்.

கேட்டுவிட்டேன். போனில் பதில் வேண்டாம். வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுச் சொல்வதும் வேண்டாம். உங்கள் தம்பி கடைக்கும் இந்த இதழ் போகிறது, ரத வீதியில் எல்லாரும் படிக்கிறார்கள். அடுத்த மாதம் நீங்கள் ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூட விழாவில் பேசப் போவதாகவும் கேள்விப்பட்டேன். அதற்கு முன்னால், இந்தப் பக்கத்திலேயே உங்கள் சொந்தப் பேரில் பதில் எழுதுங்கள். அதையே டேவிடுக்கும், கிளப்பின் பெற்றோர்கள் குரூப்பிலும் இங்கிலீஷில் எழுதுங்கள். உங்களுக்கு நல்ல இங்கிலீஷ் வரும்.

மட்டை எங்கள் காரேஜில் இருக்கிறது. வரிகளுக்குள் சிவப்பு இன்னும் இருக்கிறது. நான் தேய்த்து எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். வேண்டுமென்றால் வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மட்டையில் நான் வைத்தது என்னவென்று தெரியாது என்று சொன்னீர்கள். சரி. என் மகள் நெற்றியில் நீங்கள் வைத்தது என்ன? அதற்கு ஒரு பேர் இருக்கிறது அண்ணாச்சி. எல்லார் முன்னாலும் அதைச் சொல்லுங்கள்.